அடுக்கு அமைப்புக் கோப்பை ஒற்றை வரிசையாகப் பரப்பினால் என்னென்ன தொலையும்?

கேள்வி: 2025 பிப்ரவரி 2, மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகர்

போர்ட் லூயி, ரோஸ் ஹில், கியூர்பிப் என்று மூன்று துணிக்கடைகளுக்கு பில் போடும் நிரல் எழுதியிருக்கிறேன், பைத்தானில். செட்டிங் எல்லாம் ஒரே யாமல் (YAML, அடுக்கடுக்காக உள்தள்ளி எழுதும் முறை) கோப்பு. கடை, அதற்குள் நேரம், அதற்குள் திறப்பு, அடைப்பு என்று நாலு அடுக்கு வரை போகிறது. இப்போது கண்டெய்னருக்கு (நிரலைத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் பெட்டி) மாற்றச் சொல்கிறார்கள். அங்கே சூழல் மாறிகள்தான்: ஒரு பெயர், ஒரு மதிப்பு, அடுக்கெல்லாம் கிடையாது. பன்னிரண்டு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். உள்ளே இறங்கிக்கொண்டே போகும், வழியில் வரும் பெயர்களை அண்டர்ஸ்கோர் வைத்து ஒட்டும், பெரிய எழுத்தாக்கி வெளியே தள்ளும். ஓடுகிறது. இதில் வில்லங்கம் ஏதும் உண்டா, இல்லை இவ்வளவுதானா?

பிப்ரவரி 3

வில்லங்கம் அந்த ஒற்றை அண்டர்ஸ்கோரில் இருக்கிறது. படிக்க வசதியாக இருக்கட்டும் என்று கீ பெயர்களை இங்கே தமிழில் எழுதுகிறேன். "தளம்" என்ற அடுக்குக்குள் "இணைப்பு_அளவு" என்று ஒரு கீ. வேறோர் இடத்தில் "தளம்_இணைப்பு" என்ற அடுக்குக்குள் "அளவு" என்று ஒரு கீ. ஒட்டிப் பாருங்கள். இரண்டும் "தளம்_இணைப்பு_அளவு" ஆகிவிடும். பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிடும், சத்தமே வராது.

இரட்டை அண்டர்ஸ்கோர் போடுங்கள். மைக்ரோசாஃப்டின் டாட் நெட்டில் நிரல் எழுதுகிறவர்கள் செய்வது அதுதான்: நிரலுக்குள் "தளம்:அளவு" என்று கோலன், சூழல் மாறியில் "தளம்__அளவு". ஏன் அங்கேயும் கோலன் வைக்கவில்லை என்றால், பாஷ் போன்ற ஷெல்கள் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்கள்) அப்படிப்பட்ட பெயரை ஏற்காது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரம் இந்தப் பெயர்களுக்குச் சொல்வது பெரிய எழுத்து, எண், அண்டர்ஸ்கோர் மூன்றும்தான். எண்ணில் தொடங்கவும் கூடாது. புள்ளியும் ஆகாது. ஜாவாக்காரர்களின் ஸ்பிரிங் பூட்டில் உள்ளே புள்ளி வைத்துப் பெயர் இருக்கும். வெளியே வரும்போது புள்ளி அண்டர்ஸ்கோர் ஆகும், நடுவில் உள்ள ஹைஃபன் காணாமல் போகும்.

கோப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றையும் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுங்கள். கடைசியில் விழுந்தது நிற்கும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 3, இரவு

ஒன்று விட்டுப்போனது. பரப்பும்போது ஒரே கோப்பிலிருந்து ஒரே பெயர் இரண்டாம் முறை வந்தால் நிரல் அங்கேயே நின்று கத்த வேண்டும். இரட்டை அண்டர்ஸ்கோர் போட்டாலும் இந்தச் சோதனை வேண்டும், ஏனென்றால் நாளைக்கு யாராவது கீ பெயரிலேயே இரட்டை அண்டர்ஸ்கோர் வைப்பார்கள். பெரிய எழுத்தாக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. யாமலில் சிறிய எழுத்துப் பெயரும் பெரிய எழுத்துப் பெயரும் வேறு வேறு கீ. நீங்கள் மாற்றிய பிறகு ஒன்று.

பிப்ரவரி 5

வாசகர் எழுதுகிறார்: "இரட்டையாக்கினேன். பரப்பியதை எல்லாம் அச்சிட்டுப் பார்த்தேன். கியூர்பிப் கடையின் திறப்பு நேரம் 600 என்று வருகிறது. மற்ற இரண்டு கடையும் 09:00, சரியாக வருகிறது. அடைப்பு நேரம் மூன்றிலும் 1050."

உங்கள் ஃபங்ஷன்மேல் பழி இல்லை. கியூர்பிப் கடை பத்து மணிக்குத் திறக்கிறது, மூன்று கடையும் ஐந்தரைக்கு அடைக்கிறார்கள், சரியா? யாமல் 1.1 விதிப்படி 10:00 என்பது அறுபதை அடியாகக் கொண்ட எண். பத்து தடவை அறுபது, 600. 17:30 என்றால் 1050. பைத்தானில் யாமலைப் படிக்க நாம் எல்லோரும் போடும் பையாமல் இன்னும் அந்த 1.1 விதியில்தான் நிற்கிறது. 2009இல் வந்த 1.2 இதை எடுத்துவிட்டது.

09:00 ஏன் தப்பியது? அந்த விதிக்கு முதல் எழுத்து 1 முதல் 9 வரை இருக்க வேண்டும். சுழியில் தொடங்கியதால் அதை எழுத்துத்தொடர் என்று விட்டுவிட்டது. இந்த ஜாதிப் பிழையில் என்னை வாட்டுவது இதுதான்: மூன்று கடையில் இரண்டு சரியாக இருந்தால் மூன்றாவது கடைக்காரர் தப்பாகப் பதிந்துவிட்டார் என்றுதான் மனம் முதலில் போகும்.

கிளை எண்ணிலும் இதே கூத்து. 017 என்று எழுதினால் எட்டடிமான எண் என்று எடுத்து 15 ஆக்கிவிடும். 018 அப்படியே நிற்கும், எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. போன் எண்ணுக்கு +230 என்று நாட்டுக் குறியீடு போட்டால் கூட்டல் குறி தொலைந்து 230 மிஞ்சும். நார்வேயின் இரண்டெழுத்துக் குறியீடு (NO) "இல்லை" என்ற பூலியன் (ஆமாம்-இல்லை மதிப்பு) ஆகிவிடுவது ஊரறிந்த கதை.

இதில் பரப்புவது வேறு சேர்ந்துகொள்கிறது. பைத்தானில் பூலியனை எழுத்தாக்கினால் "ஃபால்ஸ்" என்ற சொல் கிடைக்கும். சூழல் மாறியில் அது வெறும் சொல். திரும்ப எடுத்து பூலியனாக்கினால், காலியில்லாத எந்தச் சொல்லும் உண்மை. அணைத்து வைத்த விளக்கு பாதை முடிவில் எரிந்துகொண்டிருக்கும்.

அதனால் 10:00 போன்றவற்றுக்கு மேற்கோள் குறி போட்டு எழுத்தாக்குவதோடு நிறுத்த வேண்டாம். பையாமலில் பேஸ்லோடர் என்று ஒன்று இருக்கிறது. அது ஊகிக்கவே ஊகிக்காது, இலைமதிப்பு (அடுக்கின் கடைசியில் நிற்கும் மதிப்பு) எல்லாவற்றையும் எழுத்தாகவே தரும். நமக்குக் கடைசியில் வேண்டியது எழுத்துத்தானே? நடுவில் எண்ணாக்கி, மறுபடி எழுத்தாக்குவானேன்? இது நேரம், இது எண், இது ஆமாம்-இல்லை என்பதை வாங்கிப் பயன்படுத்தும் இடம் ஒன்றே முடிவு செய்யட்டும்.

பிப்ரவரி 7

மூன்றாம் தேதி எழுதிய கடைசிப் பத்தியைத் திரும்பப் படித்தேன். "ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுங்கள், அவ்வளவுதான்." அது தப்பு. எனக்கே நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

எபெனுக்கு வந்த புதிதில் நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் இரவு விற்பனைக் கணக்கு மின்னஞ்சலில் போகும். பொதுக் கோப்பில் பெறுநர் பட்டியலில் மூன்று முகவரி, எல்லாம் சோதனைக்கு வைத்தது. அதில் மூன்றாவது, வெளியிலிருந்து வந்து ஒப்பந்தத்தில் வேலை செய்துவிட்டுப் போன ஒருவருடையது. நேரடி ஓட்டத்துக்கான கோப்பில் ஒரே ஒரு முகவரி, வாடிக்கையாளரின் கணக்காளர். மேல் கோப்பு கீழ்க் கோப்பை மூடிவிடும் என்று நான் நினைத்தேன்.

பரப்பினால் பட்டியல் என்ன ஆகும்? "பெறுநர்:0", "பெறுநர்:1", "பெறுநர்:2". மேல் கோப்பிலிருந்து வந்தது "பெறுநர்:0" மட்டும். அது தன் இடத்தை மட்டும் மாற்றியது. 1, 2 இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. கணக்காளருக்கு ஒழுங்காகக் கணக்கு போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு மாதம் கழித்து அந்த ஒப்பந்தக்காரரே, "இது எனக்கு ஏன் இன்னும் வருகிறது?" என்று கேட்டு எழுதினார். நல்ல மனிதர். அந்த நாலு மாத விற்பனை எண்கள் வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். மன்னிப்புக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

டாட் நெட்டில் இன்றும் இதுதான் நடைமுறை, எண் பார்த்து இடம் மாற்றும். ஸ்பிரிங் பூட்டில் மேலே பட்டியல் வந்தால் கீழே இருந்த பட்டியல் முழுசாகப் போய்விடும். இரண்டும் ஆவணத்தில் எழுதிவைத்த நடத்தைதான். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஏமாறும்.

பிப்ரவரி 10

நாளை தைப்பூசக் காவடி, அரசு விடுமுறை. கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு வீட்டோடு போகிறோம். பட்டியல் விஷயத்துக்கு வந்து எழுதுகிறேன். அதுவரை டீப்ளாய் பண்ணாதீர்கள்.

பிப்ரவரி 12

நேற்று பால்குடம் முடிந்து வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. இங்கே காவடி என்றால் அது இல்லாமல் முடியாது. எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா வீட்டிலிருந்து அடுக்குத் தூக்கில் பாயசம் கொண்டுவந்திருந்தார். தட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக இலையில் பரிமாறினார். அப்போதுதான் ஏழாம் தேதிக் குறிப்புக்கு விடை தெளிவானது. ஊரிலிருந்து வந்த இன்னொரு தூக்கும் இருந்தது. இரண்டு தூக்கையும் தனித்தனியாக இலையில் கொட்டிவிட்டு, எது யாருடைய கறி என்று பிறகு பிரிக்க முடியுமா? தட்டு தட்டாக இருக்கும்போதே எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இலைக்கு வருவது கடைசி வேலை.

கோப்புகளுக்கும் அப்படியே. முதலில் அடுக்கு குலையாமல், மரமாகவே இணையுங்கள். அடுக்கோடு அடுக்கு வந்தால் உள்ளே இறங்கிச் சேருங்கள். பட்டியலோடு பட்டியல் வந்தால் மேலே உள்ளது முழுசாக நிற்கட்டும். ஓரிடத்தில் அடுக்கு, அதே இடத்தில் மற்றக் கோப்பில் தனி மதிப்பு என்றால் பிழை, நிறுத்துங்கள். எல்லாம் இணைந்து ஒரே மரமான பிறகு, ஒரே தடவை பரப்புங்கள்.

"வெளியிலிருந்து வரும் சூழல் மாறி ஏற்கெனவே தட்டையாகத்தானே வருகிறது?" என்று கேட்பீர்கள். அதை இரட்டை அண்டர்ஸ்கோரில் வெட்டி, சின்ன மரமாக்கி, அந்த மரத்தைக் கொண்டுவந்து இணையுங்கள். சுற்று வழிதான். ஆனால் இணைக்கும் விதி ஓரிடத்தில் மட்டும் இருக்கும்.

பட்டியலை எண் போட்டு உடைக்கவே வேண்டாம். ஒரு கீ, அதன் மதிப்பு முழுப் பட்டியலும் ஜேசன் (பட்டியலை அடைப்புக்குறிக்குள் எழுதும் முறை) எழுத்தாக. காற்புள்ளியில் ஒட்டுவது எளிதுதான், ஆனால் மதிப்புக்குள்ளேயே காற்புள்ளி வரும் நாள் வரும். இங்கே முகவரி எழுதினால் தெருப் பெயருக்கும் ஊருக்கும் நடுவில் காற்புள்ளி இல்லாமல் எழுதுவாரில்லை.

பிப்ரவரி 12, மாலை

எது மேல், எது கீழ் என்ற வரிசையை நான் எழுதவே இல்லை என்று என்னோடு வேலை செய்யும் தங்கச்சி சுட்டிக்காட்டினாள். பொதுக் கோப்பு அடியில், அதன்மேல் இடத்துக்கான கோப்பு, அதன்மேல் சூழல் மாறி, எல்லாவற்றுக்கும் மேலே கட்டளை வரியில் கொடுப்பது. இதைக் கோப்பின் தலையிலேயே எழுதிவையுங்கள்.

அவள் இந்த ஊரிலேயே பிறந்தவள். "வரிசை சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள் அண்ணா" என்று பையிலிருந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்தாள். 1998இல் மொரீஷியஸ் வங்கி வெளியிட்ட நோட்டுகளில் தமிழ் வரி, வழக்கமான இரண்டாம் இடத்திலிருந்து இந்திக்குக் கீழே இறங்கிவிட்டது. தமிழர்கள் எழுந்து நின்று கேட்டார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999இல் ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற பழைய வரிசையில் புதிதாக வந்தன. அவள் அப்பா அந்த நாட்களைப் பற்றி இன்றும் பேசுவாராம். மதிப்பு ஒன்றும் மாறவில்லை, எழுத்தும் மாறவில்லை, மாறியது வரிசை மட்டும். அந்த நோட்டை நான் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 17

ஐந்தாம் தேதி சொன்ன பேஸ்லோடருக்கு ஒரு திருத்தம். உங்கள் கோப்பில் இரட்டைக் கோணக் குறி போட்டு, ஓர் அடுக்கை இன்னொன்றுக்குள் கலக்கும் வழக்கம் இருந்தால் பேஸ்லோடர் அதைக் கலக்காது. அந்தக் குறியையே ஒரு கீயாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஓர் அடுக்குக்குப் பெயரிடும் நங்கூரமும் அதைச் சுட்டும் நட்சத்திரக் குறியும் வேலை செய்யும், கலப்பு மட்டும் நடக்காது. வாசகருக்கு இது தேவைப்படவில்லை என்கிறார். மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இல்லாததும் காலியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். "கடவுச்சொல்:" என்று எழுதி எதிரே ஒன்றும் போடாமல் விட்டால் வழக்கமான லோடர் "ஒன்றுமில்லை" என்ற பொருளைத் தரும். பைத்தானில் அதை எழுத்தாக்கினால் "நன்" (None) என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல். உங்கள் நிரல் அந்தச் சொல்லையே கடவுச்சொல்லாக அனுப்பும். பேஸ்லோடரில் காலி எழுத்து கிடைக்கும், அது கொஞ்சம் மேல். ஆனால் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் ஒரு மாறிக்குக் காலி மதிப்பு கொடுத்தால் மாறியே அழிந்துவிடும். அங்கே காலி என்று ஒன்றைச் சொல்லவே வழி இல்லை.

இதைவிட மோசம் காலிப் பட்டியல். மேல் கோப்பில் பெறுநர் பட்டியலை வேண்டுமென்றே காலியாக வைக்கிறீர்கள், "யாருக்கும் அனுப்பாதே" என்ற பொருளில். எண் போட்டுப் பரப்பினால் காலிப் பட்டியலிலிருந்து ஒரு கீயும் பிறக்காது. கீயே இல்லை என்றால் கீழே இருந்த மூன்று முகவரியும் உயிரோடு இருக்கும். "யாருக்கும் வேண்டாம்" என்று எழுதினீர்கள், "எல்லோருக்கும்" என்று போனது. பட்டியலை ஒற்றை ஜேசன் எழுத்தாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காலி அடைப்புக்குறிக்கும் அதில் உருவம் உண்டு.

பிப்ரவரி 21

கொஞ்சம் பாதை விலகுகிறேன், ஆனால் இந்த ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். கோப்பில் 0.15 என்று எழுதுவோம். பக்கத்து அணி டாட் நெட்டில் அந்த மதிப்பை எழுத்தாக எடுத்து, தாங்களே எண்ணாக்கினார்கள். பாதிக் கணினிகள் பிரெஞ்சு அமைப்பில் இருக்கின்றன. அங்கே பின்னத்துக்குக் காற்புள்ளி, 0.15 எண்ணே இல்லை என்று நிரல் விழுந்தது. விழுந்தது நல்லதாயிற்று. ஜெர்மன் அமைப்பாக இருந்தால் புள்ளியை ஆயிரம் பிரிக்கும் குறி என்று எடுத்துக்கொண்டு 15 என்று படித்து, மேலே போய்க்கொண்டே இருந்திருக்கும்.

செட்டிங்கை எடுத்துத் தரும் டாட் நெட்டின் சொந்த பைண்டர் வழியாக எடுத்தால் எந்த ஊர் அமைப்பையும் சாராமல் படிக்கும். பைத்தானில் எண்ணாக்கும்போது ஊர் அமைப்பு தலையிடாது. ஆனால் கடைக்காரர் கோப்பைத் தானே திருத்தி "0,15" என்று எழுதினால் பைத்தானும் மறுக்கும். அந்த மறுப்புச் செய்தியில் கீயின் பெயரும் கோப்பின் பெயரும் இருக்கட்டும். "எண் தவறு" என்று மட்டும் வந்தால் அவர் எங்கே போய்த் தேடுவார்?

மார்ச் 3

கரான்ஸ் புயல் நம்மைத் தாண்டிப்போய் 28ஆம் தேதி ரெயூனியனில் கரையேறியது. அங்கே உறவுகள் இருப்பவர்கள் எல்லோரும் நலம்தானே? செயின்ட் தெனியில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வேறு சேதம் இல்லை.

27 மாலை நான் வீட்டிலிருந்தே ஒரு தரவுத்தளத்தை மாற்று சர்வருக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரே ஒரு சூழல் மாறி, "தளம்__முகவரி". காற்று ஜன்னலை ஆட்டிக்கொண்டிருந்த அவசரத்தில் ஒற்றை அண்டர்ஸ்கோரோடு எழுதிவிட்டேன். நிரல் ஒன்றும் சொல்லவில்லை. புது முகவரியைக் கண்டுகொள்ளாமல் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் நெட்வொர்க்கைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுக்குக் கோப்பில் தப்பான இடத்தில் ஒரு கீ இருந்தால் கண் பார்த்துவிடும், பக்கத்து வரிகளோடு ஒட்டாது. தட்டையான பட்டியலில் தப்பான பெயரும் சரியான பெயரும் ஒரே மாதிரி வரிசையில் நிற்கும். அதனால் உங்கள் மாறிகளுக்கெல்லாம் ஒரு முன்னொட்டு வையுங்கள், "கடைபில்__" என்று. அந்த முன்னொட்டோடு வந்து, மரத்தில் இடமில்லாத பெயர் எதுவானாலும் நிரல் தொடங்கவே கூடாது. அன்று என் மாறி "கடைபில்__தளம்_முகவரி" என்று இருந்திருந்தால் முதல் நொடியிலேயே பிடிபட்டிருக்கும்.

தொடங்கும்போது ஒவ்வொரு கீயும் எங்கிருந்து வந்தது என்று லாகில் ஒரு வரி: பெயர், மதிப்பு, எந்தக் கோப்பு அல்லது எந்த மாறி. கடவுச்சொல் போன்றவற்றின் மதிப்பை மறைத்து. நீங்கள் அச்சிட்டுப் பார்த்ததால்தானே 600 கண்ணில் பட்டது? அது முன்பும் 600தான், அடுக்குக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 5

முன்னொட்டுக்கு இன்னொரு காரணம், வாசகர் குபெர்னெட்டீஸுக்கு (பல கணினிகளில் கண்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) போவதாகச் சொன்னதால். அங்கே ரெடிஸ் என்ற பெயரில் ஒரு சர்வீஸ் இருந்தால், அதே நேம்ஸ்பேஸில் அதற்குப் பின் தொடங்கும் பாட்களுக்கு (கண்டெய்னர் ஓடும் அலகுகள்) "ரெடிஸ்_போர்ட்" என்ற சூழல் மாறியைக் குபெர்னெட்டீஸ் தானாகவே வைக்கும். மதிப்பு வெறும் 6379 என்ற போர்ட் எண் இல்லை. முன்னால் டிசிபி, ஐபி முகவரி எல்லாம் சேர்ந்த முழு இணைப்பு எழுத்து. ஒற்றை அண்டர்ஸ்கோரில் பரப்பிய உங்கள் "ரெடிஸ், போர்ட்" கீயும் அதே பெயர். மடிக்கணினியில் ஓடும், கிளஸ்டரில் "இது எண் இல்லை" என்று விழும். பாட் அமைப்பில் சர்வீஸ் லிங்க்ஸ் என்பதை அணைக்கலாம். முன்னொட்டு இருந்தால் அணைக்கும் தேவையே வராது.

மார்ச் 16

வாசகர் கேட்கிறார்: "லாகில் எவ்வளவு விவரம் எழுத வேண்டும் என்ற அளவை, நிரலின் தொகுதிவாரியாக வைத்திருக்கிறேன். தொகுதிப் பெயரிலேயே புள்ளி இருக்கிறது. அதைச் சூழல் மாறியாக எப்படி எழுதுவது?"

எழுதாதீர்கள். இந்த ஒரு மாதமாக நானும் எல்லாவற்றையும் பரப்புவது எப்படி என்றே பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் கோப்பை நீங்கள் அனுப்பியதும் எண்ணிப் பார்த்தேன்: 84 இலைமதிப்புகள். அதில் இடத்துக்கு இடம் உண்மையில் மாறுவது தரவுத்தள முகவரி, கடவுச்சொல், அஞ்சல் சர்வர், பெறுநர் பட்டியல், கிளை எண் என்று 11 மட்டும். கடை நேரம்கூட மாறுவது கடைக்குக் கடைதான், சர்வருக்கு சர்வர் இல்லை. அந்த 73ஐக் கோப்பாகவே கண்டெய்னருக்குள் ஏற்றுங்கள், அடுக்கு அடுக்காக, மனிதர் படிக்கிற மாதிரி. 11க்கு மட்டும் வெளியே கதவு வையுங்கள். புள்ளி வைத்த பெயர்கள் எதுவும் அந்தப் பதினொன்றில் இல்லை.

பேஸ்லோடர் போட்டாலும் 10:00க்கும் 17:30க்கும் மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். அந்தக் கோப்பை நாளைக்கு வேறு யாரோ வேறு லோடரில் திறப்பார்கள். கியூர்பிப் கடை பத்து மணிக்கே திறக்கட்டும்.